மூன்றாம் ஜன்னலில் மட்டும் இல்லை

தையல்காரம்மா போட்ட சத்தத்தில் தொலைந்த பொருள் அலுவலகத்தின் மூன்று வரிசைகளும் கலைந்து ஒரே கூட்டமாகிவிட்டன. அந்தம்மா செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து மூன்றாம் ஜன்னலின் பலகையில் ணங்கென்று வைத்தார். உள்ளே துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல். பிடியில் பச்சைத் துணி இறுக்கமாகச் சுற்றியிருந்தது.

"ரெண்டு தடவை வந்தேன். ரெண்டு தடவையும் இந்த ஆள்தான் 'இல்லைங்க, இல்லைங்க'ன்னாரு. பஸ்ல விட்ட என் கத்தரி இப்ப இவரோட மச்சான் கடையில தொங்குது! கேட்டா ஏலத்துல எடுத்தேன்கறான் அந்த மச்சான். நல்லா இருக்குதுய்யா உங்க குடும்பத் தொழில்!"

மூன்றாம் ஜன்னல்காரர் எழுந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். முழுக்கைச் சட்டையின் கைப்பட்டையில் பொத்தான் போடாமல் அவர் அலுவலகத்துக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. மனைவியின் தம்பி பழைய சாமான் கடை வைத்திருக்கிறான் என்பதும், மாதாமாதம் நடக்கும் ஏலத்துக்கு வருகிறான் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தொண்ணூறு நாள் யாரும் கேட்டு வராத பொருள் ஏலத்துக்குப் போகும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதுவரை தெரிந்த விஷயமாக இருந்தது, அந்த ஒரு நிமிடத்தில் தடயமாக மாறிவிட்டது.

மேலாளர் அறையிலிருந்து வந்தார். கத்தரியின் இரும்பில் அலுவலகத்தின் சீட்டு இன்னும் பாதி ஒட்டியிருந்தது. எண்ணைப் படித்து, மூன்றாம் ஜன்னல்காரரை நகரச் சொல்லிவிட்டு, அவருடைய கணினியிலேயே தட்டினார். திரையில் உடனே வந்தது: கத்தரிக்கோல், பெரியது, பிடியில் பச்சைத் துணி, இருபத்தேழாம் தடம், கடைசி இருக்கை. கீழே, ஏலத்தில் போயிற்று என்ற குறிப்பு.

"வருதே! உன் மெஷின்லயே வருதே!"

"நம்பர் போட்டா வருது சார். அவங்ககிட்ட நம்பர் இல்ல. நான் கத்தரின்னு போட்டேன், பச்சைத் துணின்னு போட்டேன். வரல."

"வரலயா, வர விடலயா?"

கூட்டத்தில் யாரோ "வாயத் திறக்கறானா பாரு" என்றார்.

இதையெல்லாம் பின்னால் அலமாரி ஓரமாக நின்று ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குத் தேடலக்கா என்று பெயர். பத்து வருடத்துக்கு முன்னால் இந்த மூன்று ஜன்னல்களுக்குமான தேடலை எழுதியவள் அவள்தான்.

அந்தத் தேடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அவள் மனதில் அப்போது ஓடியது புரியும்.

பேருந்துகளில் கிடைக்கும் பொருள்கள் பின்வாசல் வழியாக வரும். அங்கே ஒருவர் சீட்டு ஒட்டி, எண் போட்டு, பொருளைப் பற்றி இரண்டு வரி எழுதிப் பதிவேட்டில் ஏற்றுவார். பதிவேடு ஒன்றுதான், அது உள்ளறையில் இருக்கும் பெரிய கணினியில் இருக்கிறது. எண் தெரிந்தால் பதிவேடு கண்ணிமைக்கும் நேரத்தில் பொருளைக் காட்டிவிடும். ஆனால் தொலைத்தவருக்கு எண் எங்கே தெரியும்? "மூக்குக் கண்ணாடிங்க, ஒரு பக்கம் காது ஒடஞ்சிருக்கும்" என்பார். அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு லட்சம் பதிவுகளையும் முதலிலிருந்து படித்தால் வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

அதனால் சொல்லடைவு, அதாவது இன்டெக்ஸ். கனமான புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் சொற்களை அடுக்கி, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று போட்டிருப்பார்களே, அதேதான். கண்ணாடி என்ற சொல்லுக்கு எதிரே கண்ணாடிகளின் சீட்டு எண்கள். காது என்ற சொல்லுக்கு எதிரே அதன் எண்கள். இரண்டு வரிசையிலும் இருக்கும் எண்ணை எடுத்தால் காது ஒடிந்த கண்ணாடி கையில் வந்துவிடும். இந்தச் சொல்லடைவைக் கட்டவும் புரட்டவும் தேவையான நிரல்களை யாரோ நல்ல மனிதர்கள் எழுதி ஒரு மூட்டையாகக் கட்டி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். அந்த மூட்டைக்குத் தேடல் லைப்ரரி என்று பெயர். லைப்ரரி தானாக எதையும் செய்யாது. நம்முடைய நிரலுக்குள் அதை வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். தேடலக்கா தைத்தாள். ஜன்னலுக்கு ஒன்றாக மூன்று கணினிகளில் நிரலை ஏற்றினாள். ஆக, மூன்று ஜன்னலுக்கும் மூன்று சொல்லடைவு. தினமும் மாலை ஐந்தரைக்கு ஒவ்வொரு கணினியும் அன்றைக்கு வந்த பதிவுகளைப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தன் அடைவில் சேர்த்துக்கொள்ளும்.

பத்து வருடம் ஒரு புகார் இல்லை. அந்தத் தேடலைப் பற்றி அவளுக்குச் சின்னப் பெருமை இருந்தது, வெளியே சொல்லாத பெருமை.

மேலாளர் கத்தரியை விசாரணைக்கென்று வாங்கி வைத்துக்கொண்டார். கூட்டம் கலைந்ததும் அவள் முதல் ஜன்னலில் போய்க் கத்தரி என்று தட்டினாள். பச்சைத் துணிக் கத்தரி வந்தது. இரண்டாம் ஜன்னலில் வந்தது. மூன்றாம் ஜன்னலில் வரவில்லை.

அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு பொத்தான். ஒரே பொருள் இரண்டு முறை பதிவாகிவிட்டால் ஜன்னல்காரர்களே ஒன்றை நீக்கிக்கொள்ளட்டும் என்று அவள் வைத்துக்கொடுத்த பொத்தான். அதை அழுத்தினால் அந்த ஜன்னலின் அடைவிலிருந்து மட்டும் பொருள் மறையும். பதிவேட்டில் இருக்கும், மற்ற ஜன்னல்களில் இருக்கும். எவ்வளவு வசதி! தேறும் பொருளாகப் பார்த்துத் தன் ஜன்னலில் மறைத்துவிட வேண்டியது, கேட்டு வருபவரிடம் இல்லைங்க என்று சொல்லிவிட வேண்டியது, தொண்ணூறு நாள் கழித்து மச்சான் வந்து கை தூக்க வேண்டியது.

'நான் குடுத்த பொத்தானை வெச்சே பண்ணிருக்கான்' என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த மாதம் அவளுக்கு ஏற்கெனவே யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான். காரணம் சர்வர்க்காரர்.

அவர் வெளி நிறுவனத்து ஆள். தோள்பையும் இரண்டு செல்போனுமாக ஒரு மாதமாக உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். நகரத்தின் மற்ற பேருந்து நிலையங்களிலும் ஜன்னல்கள் திறக்கப் போகிறார்கள். இருபது ஜன்னலுக்கு இருபது சொல்லடைவு வைத்துக்கொண்டு மேய்க்க முடியாது என்று மேலிடம் முடிவு செய்து, தேடல் சர்வர் ஒன்றை நிறுவச் சொல்லியிருந்தது. சர்வர் என்றால் உள்ளே இருப்பது ஏறத்தாழ அதே லைப்ரரிதான். ஆனால் யாருடைய நிரலுக்குள்ளும் தைக்கப்படாமல் தனி ஆளாக உட்கார்ந்திருக்கும். சொல்லடைவு ஒன்றே ஒன்று. ஜன்னல்கள் எதையும் வைத்திருக்கத் தேவையில்லை. கேள்வியைக் கம்பி வழியாக அனுப்பினால் பதில் வரும். பின்வாசலில் பதிவான அடுத்த நொடி சர்வருக்கும் தெரிந்துவிடும்.

"எல்லா முட்டையையும் உங்க ஒரு மெஷின்ல அடுக்கறீங்க. அது படுத்துச்சுன்னா இருபது ஜன்னலும் குருடாயிடுமே?" என்று முதல் நாளே கேட்டாள்.

"ஒண்ணு இல்ல மேடம், ரெண்டு மெஷின். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு பேசும்."

"ரெண்டும் படுத்தா?"

"ரெண்டும் படுத்தா எனக்கு வேலை போயிடும். உங்களுக்கு சந்தோஷமா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. புது ஏற்பாட்டில் குறை கண்டுபிடித்து, தேதியை இரண்டு முறை தள்ளிப்போட வைத்தாள். மூன்றாவது தேதி வியாழக்கிழமை நண்பகல் என்று முடிவாகியிருந்தது. அன்றைக்கு ஜன்னல்கள் சர்வருக்கு மாறும். பழைய மூன்று சொல்லடைவுகளும் கணினிகளிலிருந்து துடைக்கப்படும்.

மாறுவதற்கு முன் ஒரு மாதம் இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டிருந்தார்கள். ஜன்னலில் தட்டும் ஒவ்வொரு கேள்வியும் பழைய அடைவுக்கும் போகும், சத்தமில்லாமல் சர்வருக்கும் போகும். இரண்டு பதிலும் ஒன்றாக இல்லாவிட்டால் அதைச் சர்வர்க்காரரின் நிரல் ஒரு பட்டியலில் எழுதிவைக்கும். சர்வர் எங்கே தப்பு செய்கிறது என்று பிடிக்கத்தான் தேடலக்கா அந்தப் பட்டியலைத் தினம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் கையில் கிடைத்தது அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு மூன்று வரிதான். கத்தரி விவகாரத்துக்கு மறுநாள் மொத்த மாதத்தையும் ஜன்னல்வாரியாகப் பிரிக்கச் சொன்னாள்.

முதல் ஜன்னல், வித்தியாசம் எதுவும் இல்லை. இரண்டாம் ஜன்னல், எதுவும் இல்லை. மூன்றாம் ஜன்னல், அறுபத்தொன்று.

அறுபத்தொரு பொருள்களைச் சர்வர் காட்டியிருக்கிறது, மூன்றாம் ஜன்னல் மறைத்திருக்கிறது. பல்செட், காது கேட்கும் கருவி, வரைபடச் சுருள், ஒற்றைக் கையுறை, குழந்தை வண்டியின் சக்கரம். தாளை எடுத்துக்கொண்டு அவள் நேராக மேலாளரிடம் போனாள்.

"மத்த ரெண்டு ஜன்னலும் சுத்தம் சார். இவருதுல மட்டும்தான்."

மேலாளர் தாளைக் கண்ணாடி மேஜைக்கு அடியில் செருகினார். "வெள்ளிக்கிழமை விசாரணை. அன்னிக்கே அனுப்பிடலாம். அதுவரைக்கும் ஜன்னல்லயே இருக்கட்டும், கண்ணு வெச்சிருப்போம். நீயும் பாத்துக்கம்மா."

பார்த்துக்கொண்டாள். அவர் இடுப்பில் கை வைத்தால் ஏன் வைக்கிறார் என்று தோன்றியது. செல்போனில் பேசினால் மச்சானோ என்று தோன்றியது. முதல் ஜன்னல் அண்ணன், இருபது வருடமாக அங்கே உட்காருபவர், மூன்றாம் ஜன்னல் பக்கம் திரும்பாமலே சாப்பிட ஆரம்பித்தார். அவர்கள் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்ட மேஜையில் ஒரு நாற்காலி தள்ளிப் போடப்பட்டது.

புதன்கிழமை மதியம் தேடலக்கா அறுபத்தொன்றையும் விசாரணைக்கு ஏற்றபடி ஒழுங்காக எழுத உட்கார்ந்தாள். சீட்டு எண்ணின் முதல் பகுதி பொருள் வந்த தேதி. தேதிவாரியாக அடுக்கினால் மேலாளருக்குப் படிக்கச் சுலபமாக இருக்கும் என்று அடுக்கினாள். நாலாம் தேதி ஏழு பொருள். பதினொன்றாம் தேதி ஐந்து. பதினெட்டாம் தேதி. இருபத்தைந்தாம் தேதி. முந்தின மாதத்திலும் ஏழு ஏழு நாள் இடைவெளி. நாள்காட்டியைப் புரட்டினாள். எல்லாம் புதன்கிழமை.

புதன் அன்று மூன்றாம் ஜன்னல் நான்கு மணிக்கே மூடும். வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு ஜன்னலுக்கும் சீக்கிரம் போகும் முறை உண்டு. முதல் ஜன்னலுக்குத் திங்கள், இரண்டாவதுக்குச் செவ்வாய், இவருக்குப் புதன். சீக்கிரம் போகும் நாளில்தான் கைவரிசை! கையில் ஒரு துணிப்பை வேறு கொண்டுபோகிறார். அதில் என்ன?

மணி மூன்றே முக்கால். அவள் எழுந்து மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால், குடைகள் அடுக்கிய அலமாரிக்கு மறைவில் போய் நின்றுகொண்டாள். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று.

அவர் கடைசி ஆளை அனுப்பிவிட்டு ஜன்னல் கதவை இறக்கினார். பேனாவை மூடினார். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து விசைப்பலகையைத் துடைத்தார். நாற்காலியை உள்ளே தள்ளினார். பிறகு குனிந்து, மேஜைக்கு அடியில் கையை விட்டு, கணினியை அணைத்தார்.

திரை கறுத்தது. பச்சை விளக்கு அணைந்தது.

அந்த நொடியில் அவள் மறைவிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

அவர் துள்ளிவிட்டார். "ஐயோ, அக்கா! கிளம்பறேன். இன்னிக்குப் புதன்." பிறகு முகம் மாறியது. "பையப் பாக்கணுமா? பாத்துக்கங்க." பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். துண்டு, சாப்பாட்டு டப்பா, சிறுமியின் நீச்சல் உடுப்பு விழுந்தன.

"பை இல்ல. மெஷின ஏன் அணைச்சீங்க?"

"பின்ன? போகும்போது அணைச்சுட்டுத்தானே போகணும்?"

"எத்தனை நாளா அணைக்கிறீங்க?"

"சர்க்குலர் வந்ததுலேருந்து." சுவரைக் காட்டினார். மேலாளர் கையெழுத்திட்ட தாள், ஓரம் பழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. இருக்கையை விட்டுப் போகிறவர்கள் கணினியை அணைத்துவிட்டுப் போக வேண்டும். மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும். பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. "அவங்க ரெண்டு பேரும் அணைக்கறதே இல்ல. திரையில மீன் நீந்திட்டே இருக்கும். நான் ஒருத்தன்தான் அணைக்கிறேன். ஏன், அதுவும் தப்பா?"

"மெஷின்மேல ஒரு சீட்டு ஒட்டியிருந்தேனே. மஞ்சள் சீட்டு. அணைக்காதீர்கள்னு."

"எந்த மெஷின்மேல? பழைய மானிட்டர் பின்னால பொட்டி மாதிரி இருந்துச்சே, அதுலயா? அதை எடுத்துட்டுப் போய் ரெண்டு வருஷமாச்சு. எல்லாருக்கும் தட்டையாக் குடுத்தாங்களே."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஐந்தரைக்குக் கணினி விழித்திருந்தால்தான் அன்றைய பதிவுகள் அதன் அடைவில் சேரும். மற்ற நாள்களில் அவர் ஆறு மணிக்கு அணைக்கிறார், அதற்குள் சேர்ந்துவிடும். புதன் மட்டும் நான்கு மணிக்கே அணைந்துவிடுகிறது. சரி, மறுநாள் பிடித்துக்கொள்ளலாமே? பிடித்துக்கொள்ளாது. பத்து வருடத்துக்கு முன் இந்தக் கணினிகள் ஆமை. விட்டதையெல்லாம் தேடிச் சேர்க்கச் சொன்னால் ஜன்னல் திறக்கும் நேரம்வரை இழுக்கும். அதனால் 'இன்றைய பதிவுகளை மட்டும் சேர்' என்று எழுதினாள். தவறவிட்ட நாளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. யாரும் அணைக்க மாட்டார்கள், அதற்குத்தான் மஞ்சள் சீட்டு இருக்கிறதே.

தொலைந்த பொருள் அலுவலகத்தில் பத்தில் ஏழு பேருக்குக் கிடைக்கும் பதிலே 'இல்லை' என்பதுதான். அதில் சில இல்லைகள் பொய் என்று எவருக்குத் தெரியும்? சொன்னவருக்கே தெரியாது.

"என்னக்கா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க கிளம்புங்க. பாப்பாவோட நீச்சலுக்கு நேரமாகுது."

அவர் போனபிறகு அவளுக்குள் இருந்த சந்தேகக்காரி லேசில் விடவில்லை. நாளைக்கே மேலாளரிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று அவளுக்கே தெரியும். போன கோடையில் ஒரு புதன்கிழமை மூன்றாம் ஜன்னல்காரர் காய்ச்சலில் வரவில்லை. இரண்டாம் ஜன்னல் பெண் அங்கே உட்கார்ந்தாள், ஆறு மணிவரை, அணைக்காமல் போனாள். அவசரமாக அந்த ஒரு நாளைச் சோதித்தாள். அன்றைய பொருள்கள் எல்லாம் மூன்றாம் ஜன்னலின் அடைவில் இருந்தன. மேலாளர் இதைக் கேட்டால், 'பாத்தியா, அவன் வராத அன்னிக்கு மட்டும் எல்லாம் சரியா இருக்கு!' என்பார். உண்மை இரண்டு பக்கமும் வெட்டும்போது தாளைக் காட்டிப் பயனில்லை. கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்.

ஐந்து மணிக்குத் தன் நீலக் குடையைப் பின்வாசலில் கொண்டுபோய், பேருந்தில் கிடைத்ததாகப் பதியச் சொன்னாள். பதிபவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க குடைதானேக்கா இது?" "சோதனைக்குப்பா. எழுது. நீலக் குடை, பிடி மரம்." ஐந்தே காலுக்கு முதல் ஜன்னல் அண்ணனிடம் போய், அரை மணி நேரம் கணினி வேண்டும் என்றாள். அவர் டீ குடிக்கப் போனார். ஐந்து இருபத்தைந்துக்கு அதை அணைத்தாள். ஐந்து நாற்பதுக்கு மறுபடி இயக்கினாள். திரையில் மீன்கள் ஒன்றும் நடக்காததுபோல நீந்த ஆரம்பித்தன.

பிறகு உள்ளறைக்குப் போனாள். சர்வர்க்காரர் ஒரு செல்போனைச் சார்ஜில் போட்டு இன்னொன்றில் பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நான் சொல்றவரைக்கும் பழைய இன்டெக்ஸைத் துடைக்காதீங்க."

அவர் கண்களை மூடித் திறந்தார். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா மேடம்? ரெண்டு தடவை தள்ளியாச்சு. இப்ப என்ன குத்தம்?"

"குத்தம் உங்க சர்வர்ல இல்ல. என்னோடதுல."

சொன்னாள். ஐந்தரை மணி, இன்றைய பதிவு மட்டும், மஞ்சள் சீட்டு, புதன்கிழமை. அவர் பேச்சை நிறுத்திக் கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு மத்தியானம் துடைச்சுட்டா இதெல்லாம் போயிடும் மேடம். நீங்க சொல்லலேன்னா யாருக்கும் தெரியப் போறதில்ல" என்றார்.

"அந்த ஆளுக்கு வெள்ளிக்கிழமை வேலை போகும்."

"ம்." செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவும் என் சர்வரைத் தள்ளிப்போட ஒரு வழி இல்லையே?"

"இல்ல."

"பன்னெண்டு மணி வரைக்கும். ஒரு நிமிஷம் கூடத் தர மாட்டேன்."

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். கடாயைத் துலக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "எங்க லிஃப்ட் தப்புப் பண்ணா நின்னுடும். உள்ள இருக்கறவன் கத்துவான், நாங்க ஓடுவோம். உன்னோடது நிக்காமலே தப்புப் பண்ணுது. அதான் வம்பு" என்றார். சற்று நேரம் கழித்து, "வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றும் கேட்டார். அவள் தெரியவில்லை என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மேலாளரை முதல் ஜன்னலுக்கு அழைத்துவந்தாள். விசாரணை நாளைக்குத்தானே என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மூன்று ஜன்னல்காரர்களும் நின்றார்கள். சர்வர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி கதவில் சாய்ந்திருந்தார்.

"நேத்து நீலக் குடை ஒண்ணு வந்துச்சு சார். மரப்பிடி. அண்ணன் மெஷின்ல தேடுங்க."

முதல் ஜன்னல் அண்ணன் தட்டினார். மறுபடி தட்டினார். "இல்லைங்க" என்றவர், தன் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேலாளர் மூன்றாம் ஜன்னலுக்கு நடந்தார். அங்கேயும் இல்லை. இரண்டாம் ஜன்னலில் இருந்தது: நீலக் குடை, பிடி மரம்.

"என்னய்யா இது? நீயுமா?" என்று முதல் ஜன்னலைப் பார்த்து மேலாளர் கேட்ட கேள்வியில் இருபது வருடத்து நம்பிக்கை ஆடியது. அண்ணனுக்கு முகம் வெளுத்தது. "சார், என் பிள்ளைங்க மேல சத்தியமா..."

"அவர் ஒண்ணும் பண்ணல சார்" என்றாள் தேடலக்கா. "நேத்து அஞ்சரைக்கு அவர் மெஷின நான் அணைச்சு வெச்சேன். மூணாவது மெஷின், உங்க சர்க்குலர் சொன்னபடி, நாலு மணிக்கே அணைஞ்சுது. அஞ்சரைக்கு முழிச்சிருக்கறது மட்டும்தான் அன்னிக்கு வந்ததைக் கத்துக்கும். தூங்கினது கத்துக்காது, மறுநாளும் கத்துக்காது. அப்படி எழுதினது நான்."

மேலாளர் சுவரில் இருந்த தாளை, அதில் இருந்த தன் கையெழுத்தை, நெடுநேரம் பார்த்தார். அதைக் கிழிக்கலாமா என்று யோசிப்பவர்போல இருந்தது.

"அப்ப பதினாலு மாசமா ஒவ்வொரு புதனும்?"

"ஆமா சார். கத்தரி வந்ததும் புதன்தான்."

"இதை நீ எழுத்துல குடுக்கணும். உன் மேல என்ன நடவடிக்கைன்னு மேலிடம் சொல்லும்."

"எழுதிட்டேன் சார்." நான்கு பக்கத்தை நீட்டினாள். அதில் மூன்றாம் பக்கத்தில் சுற்றறிக்கையின் தேதியும் இருந்தது. மேலாளர் அந்தப் பக்கத்தில் சற்று அதிக நேரம் நின்றார். பிறகு விசாரணை பற்றிப் பேசவில்லை. தையல்காரம்மாவை வரச் சொல்லிக் கத்தரியைக் கொடுத்துவிடும்படி இரண்டாம் ஜன்னல் பெண்ணிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

பன்னிரண்டு மணிக்குச் சர்வர் பொறுப்பேற்றது.

மூன்றாம் ஜன்னல்காரர் நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை என்றால் அது பொய். சாப்பாட்டு மேஜையில் முதல் ஜன்னல் அண்ணன் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டு, "வாடா, வந்து உக்காரு" என்று கூப்பிட்டார். அவர் உட்காரவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"அந்த அறுபத்தொண்ணு லிஸ்டை சார்கிட்ட குடுத்தது யாருக்கா?"

"நான்தான்."

"நேத்து குடைக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னதும் பிடிக்கத்தானே?"

"ஆமா."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தன் ஜன்னலுக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டார்.

அடுத்த புதன்கிழமை நான்கு மணிக்கு அவள் அந்தப் பக்கம் போனபோது ஜன்னல் கதவு இறங்கியிருந்தது. விசைப்பலகை துடைத்தாயிற்று. அவர் மேஜைக்கு அடியில் கையை விட்டபடி அவளைப் பார்த்தார்.

"இப்ப அணைக்கலாமா?"

"அணைக்கலாம். இப்ப இதுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் சர்வர்ல இருக்கு. அணைச்சாலும் ஒண்ணு, அணைக்காட்டியும் ஒண்ணு."

"எழுதிக் குடுங்க."

அவள் எழுதினாள். மூன்றாம் ஜன்னல் கணினியை எந்த நேரத்திலும் அணைக்கலாம். அதனால் எந்தப் பொருளும் தேடலில் விடுபடாது. அவர் படித்தார். "தேதி போடுங்க." போட்டாள். "கையெழுத்து." போட்டாள். அவள் பழக்கதோஷத்தில் அதை மானிட்டரில் ஒட்டப்போனாள்.

"அங்க வேணாம். மானிட்டரை மாத்திடுவாங்க." வாங்கிச் சுவரில், மேலாளரின் சுற்றறிக்கைக்குப் பக்கத்தில், நான்கு மூலைக்கும் டேப் போட்டு ஒட்டினார். பிறகு அணைத்தார். துணிப்பையை மாட்டிக்கொண்டு, "வரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் போகவில்லை. ஐந்து மணிக்குமேல் பின்வாசலில் ஒரு தகர ஊதல் வந்து பதிவானது. ஐந்து ஐம்பதுக்கு மூன்றாம் ஜன்னல் கணினியை மறுபடி இயக்கி, நின்றபடியே ஊதல் என்று தட்டினாள். வந்தது. தகர என்று தட்டினாள். வந்தது. இரண்டாம் ஜன்னலிலும் போய் அதே இரண்டு சொல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு சுவரில் தான் எழுதியிருந்ததை இன்னொரு தடவை படித்துவிட்டு, குனிந்து அணைத்தாள்.